சூடானில் இடம்பெயர்ந்து கிடக்கும் நண்பர் குடும்பத்துக்கு உதவி: பொருளாக அனுப்புவதா, பணமாகவா?

கார்ட்டூம்_ரிட்டர்ன்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆறு வருஷம் சூடானில் இருந்தேன். கார்ட்டூமுக்கு வடக்கே நைல் தாண்டினால் பஹ்ரி, அங்கே ஒரு பைப் கம்பெனியில் மெஷின் மெயின்டனன்ஸ். 2023 ஏப்ரல் 15ஆம் தேதி ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படைக்கும் சண்டை தொடங்கியது, பத்து நாள் கரண்ட் இல்லாமல் தண்ணீர் இல்லாமல் குவார்ட்டர்ஸில் அடைந்து கிடந்தோம். அப்புறம் போர்ட் சூடானுக்கு பஸ், அங்கிருந்து நம் கடற்படைக் கப்பலில் ஜெத்தா, ஜெத்தாவிலிருந்து விமானம். 'ஆபரேஷன் காவேரி' என்று 3,800 பேருக்கு மேல் கூட்டிவந்தார்களே, அதில் நானும் ஒரு ஆள்.

அந்தப் பத்து நாளும் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது கம்பெனி எலக்ட்ரீஷியன், சூடான்காரர். கழுதை வண்டியில் ரெண்டு பிளாஸ்டிக் டிரம் வைத்து, குண்டுச் சத்தம் ஓயும் நேரம் பார்த்து வருவார். நாங்கள் பஸ் ஏறிவிட்டோம், அவருக்கு ஏற பஸ் இல்லை. மனைவி, நாலு பிள்ளைகள், வயசான அம்மா எல்லாரையும் கூட்டிக்கொண்டு முதலில் வாத் மதானிக்குப் போனார். அந்த டிசம்பரில் ஆர்.எஸ்.எஃப். அங்கேயும் வந்துவிட்டது. மறுபடி கிளம்பி, கிழக்கே கெடாரிஃப் என்ற ஊர். அங்கே ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், நடுவில் சேலை மாதிரி ஒரு துணியைக் கட்டித் தடுத்து, ரெண்டு குடும்பம். இன்றைக்கு வரைக்கும் அங்கேதான்.

2025 மார்ச்சில் ராணுவம் கார்ட்டூமைத் திரும்பப் பிடித்ததும் இவர் மட்டும் பஹ்ரிக்குப் போய் வீட்டைப் பார்த்திருக்கிறார். கட்டில், ஃபிரிட்ஜ் போனது பரவாயில்லை. சுவரைக் கீறி உள்ளே இருந்த வயரை உருவி எடுத்துப் போயிருக்கிறார்கள், தாமிரத்துக்காக. அந்த வீட்டு வயரிங் அவர் கையால் போட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் மனுஷன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்களைப் போல அங்கே வேலை பார்த்துத் திரும்பிய நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறோம். அவர் குடும்பத்துக்கும் அதே பள்ளிக்கூடத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஏதாவது செய்யலாம் என்று பேச்சு. ஒரு கட்சி போர்வை, பிள்ளைகள் துணி, மருந்து, பால் பவுடர் எல்லாம் சேர்த்துக் கப்பலில் போர்ட் சூடானுக்கு அனுப்பலாம் என்கிறது. இன்னொரு கட்சி பணம்தான் என்கிறது. ஆனால் பணம் போய்ச் சேருமா, வழியில் துப்பாக்கிக்காரன் கைக்குப் போகுமா என்று பயம். போர்வை கட்சிக்காரர்கள் வேகமானவர்கள், ஏற்கெனவே வசூல் ஆரம்பித்து மூன்று மூட்டை என் வீட்டு மாடிக்கு வந்துவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

செங்கடல்_லாரி:

நிவாரணப் பொருள் போக்குவரத்துதான் என் வேலை. சூடானை ஒட்டிய சாட் நாட்டில், ஆத்ரே எல்லையில் ஒன்றரை வருஷம் இருந்தேன். முதலில் நேரடியான பதில்: பொருள் அனுப்பாதீர்கள். மூட்டையை மாடியிலேயே வைத்திருங்கள்.

போர்ட் சூடானில் ஒரு கன்டெய்னர் இறங்கினால், வாங்கிக்கொள்ள அங்கே பதிவு பெற்ற ஒரு அமைப்பின் பெயர் வேண்டும், வரிவிலக்குக் கடிதம் வேண்டும், அரசின் மனிதாபிமான உதவி ஆணையத்தின் அனுமதி வேண்டும், வெளியூருக்கு லாரி கிளம்ப அதற்குத் தனி அனுமதி வேண்டும். இவ்வளவும் கிடைக்கிற வரை துறைமுக வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். பழைய துணி மூட்டையைவிட அதன் வாடகை அதிகமாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மருந்து இன்னும் மோசம், அவர்கள் பட்டியலில் இல்லாத மாத்திரையை உள்ளேயே விடமாட்டார்கள். பால் பவுடர் வேண்டவே வேண்டாம். கலக்குகிற தண்ணீர் சுத்தமில்லாத இடத்தில், தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குப் புட்டியைக் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். காலரா சுற்றுகிற நாடு அது. நல்ல எண்ணத்தில் வருகிற பால் பவுடரைப் பெரிய அமைப்புகள் எதுவும் வாங்காததற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது யாரும் யோசிக்காத விஷயம். நண்பர் இருப்பது கெடாரிஃப். சூடானின் சோளக் களஞ்சியமே அதுதான், எள்ளும் அங்கேதான். நான் சொல்வது நம் நாட்டுச் சோளம், மக்காச்சோளம் இல்லை. அந்த ஊர்ச் சந்தையில் சோளம் மூட்டை மூட்டையாக இருக்கும், வாங்கக் காசு இருக்காது. போருக்கு முன்னால் ஒரு டாலருக்கு 600 பவுண்டு அளவில் இருந்தது, இப்போது வெளிச்சந்தையில் அதுபோலப் பல மடங்கு. சம்பளம் கிடையாது. ஆக அவர்கள் தெருமுனையில் விற்கிற சாமானையே நீங்கள் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் ஏற்றப் பார்க்கிறீர்கள்.

மேற்கே டார்ஃபூர் என்றால் வேறு கணக்கு. ஆத்ரேயில் எல்லை என்பது ஒரு வறண்ட ஓடைதான், அதைத் தாண்டினால் சூடான். 2024 பிப்ரவரியில் அந்த வழியை மூடினார்கள், ஆகஸ்ட் நடுவில்தான் திறந்தார்கள். அதே ஆகஸ்ட் 1ஆம் தேதிதான் டார்ஃபூரில் எல்-ஃபாஷர் நகருக்குப் பக்கத்து ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று உறுதி செய்தார்கள். திறந்த நேரமோ மழைக்காலம், ஓடையில் வெள்ளம், லாரிகள் வரிசையாகச் சேற்றில் நின்றன. ஒரு டிரைவர் பதினொரு நாள் லாரிக்கு அடியிலேயே பாய் விரித்துப் படுத்தார். 2025 ஜூனில் ஐ.நா.வின் 15 லாரிகள் எல்-ஃபாஷருக்குப் போகும் வழியில், அல் கோமாவில் தாக்கப்பட்டு ஐந்து பேர் செத்தார்கள். எல்-ஃபாஷரை ஆர்.எஸ்.எஃப். ஒன்றரை வருஷம் முற்றுகை போட்டு 2025 அக்டோபரில் பிடித்தது. கடைசி மாதங்களில் அந்த ஊர் சனங்கள் தின்றது அம்பாஸ். அதாவது கடலைப் புண்ணாக்கு, நாம் மாட்டுக்கு வைக்கிறது. அந்த மாதிரி இடத்தில் கையில் பணம் இருந்தும் பிரயோஜனமில்லை, சாமான் உள்ளே போனால்தான் உண்டு. ஆகையால் எல்லா இடத்துக்கும் பணம்தான் என்று நான் சொல்லவில்லை. சந்தை ஓடுகிற ஊருக்குப் பணம். கெடாரிஃபில் சந்தை ஓடுகிறது.

—

சும்மா_கேட்கிறேன்:

தப்பாக எடுத்துக்க வேண்டாம். நம்ம ஊர் முகாம்களிலேயே இலங்கைத் தமிழர்கள் நாற்பது வருஷமாக இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு ஆப்பிரிக்கா வரை போகணுமா? அதுவும் போகிற காசில் பாதியை ரெண்டு படையும் பிடுங்கிக்கொள்ளும் என்கிறார்கள்.

—

வன்னிக்காகம்:

சும்மா_கேட்கிறேன் தம்பிக்கு முதல் ஒரு வரி. நான் இலங்கைத் தமிழன்தான், முகாமில் இருந்தவன்தான், எங்களுக்குச் செய்யாமல் சூடானுக்குச் செய்யக்கூடாது என்று நான் கேட்கமாட்டேன். அந்த எலக்ட்ரீஷியன் தண்ணி கொண்டுவரும்போது இவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டவரோ?

கார்ட்டூம் அண்ணை, நான் சூடானைக் கண்டதில்லை. முகாமைப் பற்றிக் கதைக்கலாம். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம். வன்னியிலிருந்து வந்த சனம் மூன்று லட்சத்துக்குக் கிட்ட, பெரும்பகுதி அங்கேதான். காட்டை வெட்டித் தறப்பாள் அடித்து, சுற்றிவரக் கம்பிவேலி. ஒவ்வொரு வலயத்துக்கும் இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று எங்களுடைய பெரிய மனிதர்களின் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பகிடியை அப்ப விளங்கச் சக்தி இருக்கவில்லை.

எங்களுக்கு அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று அளந்து தந்தார்கள், அதில் குறை சொல்லமாட்டேன், அது இல்லாவிட்டால் செத்திருப்போம். ஆனால் அதோடு தராதது என்ன என்று கேளுங்கோ. மிளகாய் இல்லை, தேங்காய் இல்லை, விறகு இல்லை. மாவை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது? அம்மா ஒரு கிலோ மாவைக் கொடுத்து ஒரு கை செத்தல் மிளகாய் வாங்குவா, அரைவாசி விலைகூட வராது என்று தெரிந்தே கொடுப்பா. மூன்று அமைப்புகள் வந்து மூன்று வாளி தந்தார்கள். ஒருவரும் ஒரு கத்தி தரவில்லை. ரின்மீன் பேணியின், அதாவது மீன் டப்பாவின் மூடியை மடித்துப் பிடித்துத்தான் எட்டு மாதம் வெங்காயம் வெட்டினோம், என்னுடைய இடது பெருவிரலில் அந்த வெட்டு இப்பவும் இருக்கு.

பிறகு ஊருக்கு விடும்போது வீட்டுக்கொரு 25,000 ரூபாய் தந்தார்கள், ஐ.நா. அகதிகள் அமைப்பின் காசு. பெரிய காசில்லை, ஒரு பக்கத்துச் சுவருக்கும் காணாது. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் மற்றவன் அளந்து போட்டதைத் தின்றுவிட்டு, அம்மா முதல்முறை கடைக்குப் போய் இது வேண்டாம், அது தா என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். முதலில் வாங்கினது கத்தியில்லை, பூட்டு. கதவே இல்லாத வீட்டுக்குப் பூட்டு எதற்கு என்று அப்பா பேசினார். தகரப் பெட்டிக்கு என்றா.

பொருள் அனுப்பிய கதை ஒன்று சொல்லி விடுகிறேன். அதே 2009இல் ஐரோப்பாவில் இருந்த எங்கட சனம் வணங்கா மண் என்று பெயர் வைத்து ஒரு கப்பல் நிறையச் சாமான் அனுப்பினது, 800 தொன்னுக்கு மேல். எவ்வளவு பேர் வேலை முடிந்து வந்து, இரவிரவாக நின்று பெட்டி கட்டினார்கள். கப்பல் வரும்போது சண்டையே முடிந்துவிட்டது. கடற்படை மறித்துத் திருப்பி விட்டது, சென்னைக்கு வெளியே நின்றது, சென்னையில் இறக்கி வேறு கப்பலில் கொழும்புக்கு ஏற்றினார்கள், கொழும்புத் துறைமுகத்தில் வரி, கட்டணம் என்று மாதக்கணக்கில் கிடந்தது. நாங்கள் வேலிக்குள் இருந்து அந்தக் கப்பலைப் பற்றித் தினமும் கதைப்போம், இன்று வருமாம் நாளை வருமாம் என்று. அனுப்பினவர்களை நான் ஒருநாளும் பழிக்கமாட்டேன். எங்களை யாரோ நினைத்திருக்கிறார்கள் என்பதே அப்ப ஒரு சோறு மாதிரி. ஆனால் வயிற்றுக்குச் சோறு வேண்டும்.

கடைசியாக ஒன்று. என்ன வேண்டும் என்று கேட்கும்போது நண்பரிடம் மட்டும் கேளாதேங்கோ, அவருடைய மனைவியிடம் கேளுங்கோ. உள்ளுடுப்பு, மாதவிலக்குத் துணி, இரவில் மலசலகூடம் போக ஒரு டோர்ச், இதையெல்லாம் எந்த ஆம்பிளையும் பட்டியலில் எழுதமாட்டான். பெண்களும் ஆம்பிளைகளிடம் சொல்லமாட்டார்கள். உங்கட வீட்டுக்காரியைக் கதைக்க விடுங்கோ.

—

கணக்குப்பிள்ளை:

நான் வங்கியில் வெளிநாட்டுப் பணப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். யாரும் இன்னும் சொல்லாததை மட்டும் சொல்கிறேன்.

இந்தியாவில் இருக்கும் தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டம். பரிசு என்ற காரணத்துக்கும் அனுப்பலாம். பான் கார்டு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் தருகிற ஏ2 படிவம், அவ்வளவுதான். நீங்கள் அனுப்பப்போகிற தொகைக்கு, அனுப்பும்போதே வங்கி பிடிக்கிற டி.சி.எஸ். வரி வராது, 10 லட்சத்துக்கு மேல் போனால்தான் அது. ஆனால் 80ஜி வருமான வரிச் சலுகை கிடைக்குமா என்று கேட்காதீர்கள், தனி மனிதருக்குக் கொடுப்பதற்குக் கிடையாது.

சிக்கல் சூடான் என்ற பெயரில்தான். பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலிலிருந்து அமெரிக்கா 2020 டிசம்பரிலேயே அதை எடுத்துவிட்டது. இருந்தாலும் இடையில் வருகிற வங்கிகள் அந்தப் பெயரைப் பார்த்ததும் கை உதறும். பணம் தொலையாது, மூன்று வாரம் சுற்றிவிட்டுக் கட்டணம் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். அந்தக் குடும்பத்துக்கு வளைகுடாவில் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள், சூடான்காரர்கள் பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். அவர் கணக்குக்கு இங்கிருந்து வங்கி வழியாகப் போடலாம், அவர் தன் வீட்டுக்கு எப்போதும் அனுப்புகிற வழியில் அனுப்பிவிடுவார்.

இங்கே ரூபாயைக் கொடு, அங்கே ரியாலைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொந்தக்காரன் எவனாவது வருவான். அதற்குப் பெயர் உண்டியல். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவை மீறுவது. நல்ல காரியத்துக்குத்தானே என்பது அமலாக்கத் துறையிடம் எடுபடாது. அப்புறம் நாற்பது பேர் காசையும் ஒருவர் கணக்கில் கொட்டாதீர்கள். நாலைந்து பேர் தனித்தனியாக, அவரவர் சொந்தக் காசை, மாதம் மாற்றி மாதம் அனுப்புங்கள். நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள். காசு விஷயத்தில் நட்பு உடைவது கணக்கு இல்லாத இடத்தில்தான்.

—

சும்மா_கேட்கிறேன்:

வன்னிக்காகம் அண்ணா, சாரி. தெரியாமல் கேட்டுவிட்டேன். ஆனால் படைகள் பிடுங்குவது பற்றிக் கேட்டது நிஜமான சந்தேகம்தான்.

—

செங்கடல்_லாரி:

நியாயமான சந்தேகம். பிடுங்குகிறார்கள், சோதனைச் சாவடிக்குச் சாவடி லாரிக்குக் கப்பம் உண்டு. பெரிய லாரிதான் கண்ணில் படும். சின்னத் தொகை செல்போனில் போவது அவ்வளவு படாது. பேங்க் ஆஃப் கார்ட்டூமின் 'பங்கக்' என்ற ஆப் ஒன்று இருக்கிறது, போரில் நோட்டுத் தட்டுப்பாடு வந்தபிறகு பாதி சூடான் அதில்தான் ஓடுகிறது. கடைக்காரனுக்கே ஆப்பில் போட்டுவிடலாம். நோட்டாக வேண்டும் என்றால் கமிஷன் பிடிப்பார்கள், முற்றுகை நடந்த ஊர்களில் அது கொள்ளையாகவே இருந்தது. 2024 பிப்ரவரியில் நாடு முழுக்க நெட் போனபோது, செயற்கைக்கோள் நெட் தருகிற ஸ்டார்லிங்க் தட்டு வைத்திருந்தவன் கடை முன்னால் சனம் வரிசையில் நின்று மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அந்த ஆப்பைத் திறந்தது.

தெரிந்த குடும்பம் இல்லாதவர்கள் கொடுக்க விரும்பினால், அவசர உதவி அறைகள் என்று உள்ளூர் இளைஞர்கள் பேட்டைக்குப் பேட்டை நடத்துகிறார்கள். பெரிய அமைப்புகள் எட்டாத இடத்தில் கஞ்சித்தொட்டி நடத்துவது இவர்கள்தான், அங்கே அதை 'தக்கியா' என்பார்கள். பெரிய அண்டாவில் பருப்போ, சோளக்களியோ. அவர்கள் அசீதா என்று சொல்வது நம் களியேதான், நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றுவதுகூட அப்படியே. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தியதும் நூற்றுக்கணக்கில் அடுப்பு அணைந்தது. அந்த வருஷம் மனித உரிமைக்கான நார்வேயின் ராஃப்டோ பரிசு இவர்களுக்குக் கிடைத்தது. பரிசை வைத்து அடுப்பு எரியாது, ஆனாலும் சந்தோஷம். 'மியூச்சுவல் எய்ட் சூடான்' என்ற கூட்டமைப்பு வழியாக வெளிநாட்டிலிருந்து இவர்களுக்குப் பணம் போடலாம்.

—

கார்ட்டூம்_ரிட்டர்ன்:

எழுதின எல்லாருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து வருகிறேன், என்ன ஆச்சு என்று சொல்லிவிடுகிறேன்.

நண்பரின் தம்பி ரியாத்தில் டிரைவர். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி நாலு பேர் பிரித்து அவர் கணக்குக்குப் போட்டோம். வங்கியில் ஒரு தடவை கூப்பிட்டு இவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள், நண்பர் என்றேன், விட்டுவிட்டார்கள். நாலாம் நாள் கெடாரிஃபில் பணம் பங்கக்கில் ஏறிவிட்டது.

வன்னிக்காகம் அண்ணன் பேச்சைக் கேட்டு என் மனைவியைப் பேச வைத்தேன். இவளுக்கு அரபி தெரியாது, அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, நான் எனக்குத் தெரிந்த கடைத்தெரு அரபியில் நடுவில். கொஞ்ச நேரத்தில் என்னை எழுந்து வெளியே போகச் சொல்லிவிட்டு, நண்பரின் மூத்த மகள் அரைகுறை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, இருபது நிமிஷம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கு முழுக்கத் தெரியாது. பட்டியலில் முதலில் டோர்ச் இருந்தது.

இரண்டாவது கரி. பருப்பும் சோளமும் சில மாதம் நிவாரணத்தில் வருகிறதாம், அதை வேக வைக்கக் கரி வாங்கத்தான் வந்த பருப்பில் பாதியை விற்கிறார்களாம். மிளகாய்க்கு மாவை விற்ற கதைதான் இங்கேயும்.

மூன்றாவது நான் எதிர்பார்க்காதது. அந்தம்மா டீ போட்டு விற்கப் போகிறார். சூடானில் தெருவுக்குத் தெரு மரத்தடியில் பெண்கள் சின்ன முக்காலி போட்டு, கரி அடுப்பு வைத்து, டீயும் இஞ்சி தட்டிப் போட்ட காபியும் விற்பார்கள், பஹ்ரியில் எங்கள் கம்பெனி வாசலிலும் ஒருவர் இருந்தார், ஆறு வருஷமும் அவரிடம்தான் குடித்தேன். அடுப்பு, கெண்டி, பன்னிரண்டு கிளாஸ், சர்க்கரை, டீத்தூள், பிளாஸ்டிக் ஸ்டூல் நாலு. எல்லாம் கெடாரிஃப் சந்தையிலேயே வாங்கியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தைத் திறக்கப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்களாம், அதனால் மீதியை வாடகை முன்பணத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்.

படம் அனுப்பினார்கள். வேப்பமரம் மாதிரி ஒரு மரம், அவர்களும் அதை நீம் என்றுதான் சொல்வார்கள், அதன் அடியில் கடை. எண்ணிப் பார்த்தேன், கிளாஸ் பதினொன்றுதான் இருந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். முதல் நாளே உங்கள் நண்பர் கழுவப் போய் உடைத்துவிட்டார் என்று பின்னால் அந்தம்மா சத்தம் போடுவது கேட்டது.

போர்வை மூட்டை மூன்றும் இன்னும் என் மாடியில்தான் இருக்கிறது. விருதுநகர் பக்கம் யாருக்காவது தேவைப்பட்டால் இங்கேயே எழுதுங்கள், வண்டி வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன்.